பருத்ததெல்லாம் பலமன்று

வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணி ஏமாறுவோர் உலகில் உண்டு. பருத்ததெல்லாம் பலம் என்று எண்ணி ஏமாறுவோர் அவர்களினும் அதிகம். நம் வீடுகளில் மணமாகிச் சென்ற பெண் இரண்டு மூன்று ஆண்டுகளில் சற்றே சதை போட்டுப் பிறந்தகம் வந்தால் பெற்றவள் உள்ளம் குளிர்கிறது. "போன இடத்தில் குறையின்றி இருக்கிறாள்" என்று அண்டை வீட்டார் வாழ்த்துகின்றனர். அவள் மெலிந்து வந்தால்தான் கேள்விகள் எழுகின்றன. "உடம்பில் இரத்தமே இல்லையே" என்று பதறி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் மெலிந்தவளைத்தான். பருத்தவளைப் பார்த்து அத்தகைய ஐயம் நமக்குத் தோன்றுவதே இல்லை. அவள் களைப்பு என்றால் சோம்பல் என்கிறோம். மூச்சு வாங்குகிறது என்றால் கொழுப்பு என்கிறோம். தலை சுற்றுகிறது என்றால் சாக்கு என்கிறோம்.

உடல் பருத்திருப்பதும் இரத்தம் வெளுத்திருப்பதும் ஒன்றோடொன்று சேராதவை என்பது நம் நெடுநாளைய எண்ணம். அவை இரண்டும் ஒரே உடலில் கூடி வாழக் கூடியவை. அதுமட்டுமன்று; உடற்பருமனே இரும்புச்சத்தை இரத்தத்துக்குச் செல்லவிடாமல் தடுக்கவும் கூடும் என்பதை மருத்துவ உலகம் இன்று அறிந்திருக்கிறது. இதனை நம் தாய்மார்களும், அவர்களைக் காட்டிலும் நம் வீட்டு ஆண்மக்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கணக்கு கூறும் செய்தி

2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று கண்டது. அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40.4 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள் என்றும் கண்டது.

இதற்கு முந்தைய ஆய்வு 2015-16 இல் நடந்தது. அப்போது எடை மிகுந்த பெண்கள் நூற்றுக்கு 30.9 பேர், சோகை உள்ளவர்கள் 55 பேர். ஒப்பிட்டுப் பார்ப்போம். நான்கைந்து ஆண்டுகளுக்குள் எடை மிகுந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் கூடிவிட்டனர். சோகையோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சோறு பெருகியது, எண்ணெய் பெருகியது, இனிப்புப் பெருகியது, உடலும் பெருகியது. இரத்தம் மட்டும் ஊறவில்லை. பசிதான் சோகைக்குக் காரணம் என்றால், பசி குறையக் குறையச் சோகையும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை என்பதே, வயிறு நிறைவது வேறு, இரத்தம் நிறைவது வேறு என்பதற்குச் சான்று.

சோகைக்கு இரும்புக் குறைவு ஒன்றே காரணமன்று. போலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் குறைவும், குடற்புழுவும், பிறவியிலேயே வரும் சில இரத்தக் கோளாறுகளும் காரணமாகலாம். ஆயினும் நம் நாட்டுப் பெண்களிடம் முதன்மையாகக் காணப்படுவது இரும்புக் குறைவே ஆதலின் அதனைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

எங்கள் ஊர்ப் பெண்கள்

எங்கள் ஊர் குடியாத்தம். லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது. பக்கத்தில் பேரணாம்பட்டு, சற்று அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள். 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. எல்லைக் கோடு மாறினாலும் எங்கள் கொள்வினையும் கொடுப்பினையும் மாறவில்லை. அடுப்பில் வேகும் பிரியாணியின் மணமும் மாறவில்லை.

இந்த ஊர்களில் ஆண்களின் உழைப்பு வெளியே தெரியும். மண்டியிலும் தொழிற்சாலையிலும் கடைத்தெருவிலும் அது நடக்கிறது. பெண்களின் உழைப்பு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. காலைப் பணிகள் முடிந்ததும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற அமர்ந்தால், ஆயிரம் பீடி எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்க நேரமில்லை. முறத்தில் புகையிலைத் தூள், பக்கத்தில் நனைத்த இலை, கையில் கத்தரி, விரலில் நூல். கைகள் மட்டும் இயந்திரம்போல் ஓடிக்கொண்டிருக்க, உடல் ஒரே இடத்தில் உறைந்திருக்கும். தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும், தறிக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கும், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்கும் இதே நிலைதான். உழைப்பு உண்டு, உடலுக்கு அசைவு இல்லை. களைப்பைப் போக்க வேளைக்கொரு தேநீர். நேரமின்மையால் கடையில் வாங்கிய பரோட்டா அல்லது காலையில் வடித்த சோறு. எடை ஏறாமல் என்ன செய்யும்?

எங்கள் உறவில் ஒரு சகோதரி. நாம் அக்கா என்று அழைப்பது வழக்கம். நாற்பதைக் கடந்தவர், நல்ல உடல்வாகு, எழுபத்தெட்டுக் கிலோ எடை. மாடிப்படி பாதி ஏறுமுன் கைப்பிடியைப் பற்றி நின்றுவிடுவார். "உட்கார்ந்து தின்றால் இப்படித்தான்" என்பது மாமியாரின் தீர்ப்பு. "நடந்தால் எல்லாம் சரியாகும்" என்பது கணவரின் தீர்ப்பு. ஒரு மருத்துவரிடமும் சென்றார், எடையைக் குறையுங்கள் என்ற ஒரே வரியோடு அனுப்பிவிட்டார்கள், இரத்தம் பார்க்கவில்லை.

அக்காவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அரிசி களையப் போகும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவார். "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள்; எனக்குத்தான் கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன பயம்!" என்று சிரிப்பார். பச்சரிசி தின்றால் சோகை பிடிக்கும் என்று நம் பாட்டிமார் கண்டிப்பதை யாவரும் கேட்டிருப்போம். உண்மை பெரும்பாலும் தலைகீழானது. உடலில் இரும்பு குறைந்தவர்களுக்கே பச்சரிசி, மண், சாம்பல், பலப்பம், பனிக்கட்டி ஆகியவற்றின்மீது அடங்காத ஆசை எழுகிறது. அது கெட்ட பழக்கமன்று, ஓர் அறிகுறி. பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தபோதுதான் அக்காவின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் அளவு 8.2. இருக்க வேண்டியதோ குறைந்தது 12. "இந்த இரத்தத்தோடு எப்படியம்மா வீட்டு வேலையெல்லாம் செய்தீர்கள்?" என்று கேட்டார் அந்த இளம் மருத்துவர். அத்தனை ஆண்டுகளில் அக்காவின் களைப்பை நம்பி ஒருவர் கேட்ட முதற் கேள்வி அதுவே.

இரும்பு செல்லும் வழி

ஒரு பெண்ணின் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் இரண்டு அல்லது மூன்று கிராம் இருக்கும். ஒரு சிறு ஆணி செய்யலாம். அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்பே. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது முதிர்ந்து அழியும்போது மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள துப்புரவு அணுக்கள் அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்துப் புதிய அணுக்களுக்காகத் திருப்பி அனுப்புகின்றன. நாள் ஒன்றுக்கு இவ்வாறு திரும்பி வருவது 20 முதல் 25 மில்லிகிராம். உணவிலிருந்து சிறுகுடல் உறிஞ்சுவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். சிக்கனமான இல்லத்தரசியைப்போல் உடல் இரும்பை வீணாக்காமல் புழங்குகிறது. ஆனால் மாதவிடாயில் வெளியேறுவதும், கருவிலிருக்கும் குழந்தை எடுத்துக்கொள்வதும் இந்தச் சிறு வரவிலிருந்துதான் ஈடுசெய்யப்பட வேண்டும். ஆகவேதான் ஆணினும் பெண்ணுக்கு இரும்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

உறிஞ்சப்பட்ட இரும்பு குடலின் அணுக்களைவிட்டு இரத்தத்தில் சேர ஒரு வாசல் உண்டு. துப்புரவு அணுக்களிலிருந்து வெளியேறவும் அதே வகை வாசல்தான். இவ்வாசலைச் சாத்தும் காவலாளி ஒருவன் கல்லீரலில் பிறக்கிறான். ஹெப்சிடின் என்று அவனுக்குப் பெயர். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் அறிவியலார் இதனைக் கண்டறிந்தனர். வாசலை அது எவ்வாறு சாத்துகிறது என்பது 2004 இல் தெளிவாயிற்று. உடலில் இரும்பு போதிய அளவு இருந்தால் ஹெப்சிடின் கூடி வாசல் சாத்தப்படும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறைந்து வாசல் திறக்கும். இது இயல்பான ஏற்பாடு.

ஆனால் ஹெப்சிடின் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோய்க் கிருமிகளும் இரும்பை உண்டுதான் பெருகுகின்றன. கிருமி நுழைந்ததும் உடல் ஓர் எச்சரிக்கை விடுக்கிறது. கலவரம் என்ற செய்தி கேட்டதும் கடைத்தெருவில் கதவுகள் படபடவெனச் சாத்தப்படுவதுபோல, இரும்பின் வாசல்கள் யாவும் மூடப்படுகின்றன. கிருமிக்கு இரும்பு கிட்டாதிருக்கச் செய்யும் தற்காப்பு இது. காய்ச்சல் தணிந்ததும் கதவுகள் திறந்துகொள்ளும்.

உடற்பருமனில் நேர்வது இதுதான். கொழுப்பு என்பது சும்மா தொங்கும் சதையன்று; அளவுக்கு மிஞ்சி, குறிப்பாக வயிற்றைச் சுற்றிச் சேரும்போது, அதுவும் அழற்சியின் எச்சரிக்கைப் பொருள்களை இரத்தத்தில் இடைவிடாது கசியவிடுகிறது. காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை, ஆயினும் கல்லீரல் அந்த எச்சரிக்கையை நம்பி ஹெப்சிடினைச் சுரக்கிறது. திருடன் வராத தெருவில் ஆண்டு முழுவதும் கதவடைப்பு. உண்ட உணவில் இரும்பு இருந்தும் குடலைத் தாண்டுவதில்லை. உடலின் கிடங்குகளில் இருக்கும் இரும்பும் வெளியே வருவதில்லை. பண்டகசாலையில் மூட்டை இருக்க, வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பதுபோன்ற நிலை.

இது ஏதோ நேற்றுப் புறப்பட்ட ஊகமன்று. பருத்த இளம்பருவத்தினரின் இரத்தத்தில் இரும்பு குறைந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1962 ஆம் ஆண்டிலேயே எழுதினர். காரணம் விளங்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, தாய்லாந்துப் பெண்களையும் மொராக்கோ, இந்தியா ஆகிய நாடுகளின் குழந்தைகளையும் ஆராய்ந்தது. எடை கூடக்கூட இரும்பு உறிஞ்சப்படுவது குறைவதையும், இரும்பு சேர்த்த உணவைக் கொடுத்தாலும் பருத்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருப்பதையும் அது கண்டது. எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி உணவிலுள்ள இரும்பை உடலில் சேர்க்க உதவும் என்பது நாம் அறிந்ததே. பருத்த பெண்களிடம் இவ்வுதவியும் பாதியாகக் குறைந்துவிடுவதை 2015 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எல்லாப் பழியையும் ஹெப்சிடின்மீது போடுவதும் சரியன்று. பருத்த உடலுக்கு இரத்தமும் அதிகம் வேண்டும். அதற்கேற்ப இரும்பும் அதிகம் வேண்டும். எடை மிகுந்த பெண்கள் சிலருக்கு மாதவிடாய் ஒழுங்குதவறி மிகுதியாகப் போவதுண்டு. எடையைக் கூட்டும் உணவுகளான வெள்ளைச் சோறு, மைதா, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை ஆகியவற்றில் இரும்பும் சொற்பம். இவை யாவும் கூடித்தான் பருத்த உடலில் வெளுத்த இரத்தம் உண்டாகிறது. இரத்தம் வெளுத்தால் களைப்பு. களைத்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் இரும்பின் வாசல் இன்னும் இறுகுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவளைப் பார்த்து "நட, நட" என்று மட்டும் சொல்வது, எண்ணெயில்லாத விளக்கைத் திரியைத் தூண்டி எரியச் சொல்வதாகும்.

ஆவாரம்பட்டையும் தேநீரும்

தோல் தொழிலை அறிந்த நம் மக்களுக்கு ஒரு செய்தி எளிதில் விளங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்துவது அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தால். டானின் என்பது அதன் பெயர். பட்டைச் சாற்றில் பதனிட்ட ஈரத்தோலின்மீது இரும்புத் துண்டு பட்டுவிட்டால் அங்கே கருங்கறை விழும். அது எளிதில் போகாது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்ததும் இதே வினையால்தான். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்.

தேநீரில் இருப்பதும் அதே இனத்துத் துவர்ப்புத்தான். உணவோடும், உணவு முடிந்த கையோடும் தேநீர் அருந்தினால், சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை அது குடலிலேயே பற்றிக்கொள்கிறது. உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடலாம். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குபவர் வயிற்றுக்குள் மை காய்ச்சுகிறார் என்றால் மிகையாகாது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் இரும்பு மாத்திரைகளில் ஒரு வகை பெரஸ் சல்பேட். அதாவது நம் அன்னபேதியின் தூய வடிவமே. தேநீரை விட்டொழிக்கச் சொல்லவில்லை. அது நம் வீடுகளில் நடவாத காரியம். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும் என்பதே வேண்டுகோள். நோன்பு மாதத்தில் சஹர் உணவை முடித்து, நேரம் முடியுமுன் அவசரமாக ஒரு கோப்பைத் தேநீர் பருகும் வழக்கத்தையும் இதனால் எண்ணிப் பார்க்கலாம்.

ஈரல் யார் தட்டில்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்த அளவின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். நம் சாப்பாட்டு விரிப்பில் நடப்பது என்ன? இறைச்சியில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். தேநீரின் துவர்ப்பும் அதை அதிகம் பாதிப்பதில்லை. அந்த வகையில் இறைச்சி உண்ணும் நம் சமுதாயம் நற்பேறு பெற்றது. ஆனால் குர்பானி நாளில் முதலில் அடுப்பேறும் ஈரலின் நல்ல துண்டுகள் யார் தட்டில் விழுகின்றன? ஆண்கள் உண்டு எழுந்த பின், சட்டியில் மிஞ்சிய குழம்பையும் அடிச்சோற்றையும் கலந்து, நின்றபடியே உண்டு முடிப்பவள் யார்? அவள் தட்டில் விழுவது சோறும் எண்ணெயும். எடை கூடும், இரும்பு கூடாது. மாதந்தோறும் இரத்தத்தை இழப்பவள் ஈரலையும் இழக்கிறாள். "எனக்குப் பிடிக்காது" என்று அவள் சொன்னால், பெரும்பாலும் அது பிடிக்காததால் அன்று, போதாததால்.

பிள்ளைகளில் பெண்ணுக்கும் ஆணுக்கும் இறைச்சித் துண்டு சமமாக விழுகிற வீடு எங்கே இருக்கிறதோ, அங்கே அடுத்த தலைமுறையின் பிரசவம் நலமாக நடக்கும். இரத்தச் சோகையோடு பிள்ளை பெறுபவளுக்குப் பிரசவத்தில் சிறிது இரத்தம் கூடுதலாகப் போனாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். எடையும் மிகுந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

செய்ய வேண்டியவை

வேலூரின் மருத்துவ வரலாறே ஒரு கதவடைப்பில்தான் தொடங்கியது எனலாம். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூன்று குடும்பத்தாரும் மறுத்தனர், மூவரும் மாண்டனர். அக்குடும்பங்களில் ஒன்று முஸ்லிம் குடும்பம். அவ்விரவைக் கண்ட ஐடா ஸ்கட்டர் என்ற பெண், தாமே மருத்துவம் பயின்று திரும்பி 1900 இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியை நிறுவினார். வேலூரிலிருந்து எங்கள் குடியாத்தத்துக்கு வரும் சாலையில் ஆங்காங்கே மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி அவர் நோயாளிகளைப் பார்த்ததும் உண்டு. பின்னர் அதே வேலூரிலும் தில்லியிலும், கருவுற்ற பெண்களுக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தால் சோகை நீங்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஆராய்ந்தார்கள். 1975 இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. உலகம் இரும்பைப் பற்றிக் கற்றதில் நம் மாவட்டத்துத் தாய்மார்களின் பங்கும் இருக்கிறது. இத்தனைக்கும் அருகில் வாழ்கிற நாம், நம் வீட்டுப் பெண்ணின் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்காமல் இருப்பது தகுமா?

ஆகவே முதற்கடமை சோதனை. ஹீமோகுளோபின் சோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் நடைபெறுகிறது. மெலிந்தவளுக்கு மட்டுமன்றிப் பருத்தவளுக்கும் அதைச் செய்ய வேண்டும். பருத்தவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற சோதனை, உடலில் அழற்சி இருந்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். கதவடைத்த கிடங்கில் மூட்டை இருப்பதாகத்தான் அது சொல்லும். வீட்டில் உலை கொதிக்கிறதா என்று சொல்லாது. நலமாக உள்ள பெண்ணுக்குப் பெரிட்டின் 15-க்குக் கீழ் இருந்தால் குறைவு என்று கொள்ளும் உலகச் சுகாதார நிறுவனம், அழற்சி உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று ஐயுற வேண்டும் என 2020 இல் அறிவித்தது. ஆதலின் அறிக்கையில் "சரி" என்று அச்சடித்திருப்பதைக் கண்டு திரும்பிவிடாமல், மருத்துவரிடம் எடையையும் களைப்பையும் சேர்த்துச் சொல்லிக் கேட்க வேண்டும். தைராய்டு சுரப்பியின் குறையும் களைப்பையும் எடையையும் தரும். அதையும் பார்த்துவிடுவது நன்று.

இரண்டாவது, மாத்திரை. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று நான்கு நாளில் நிறுத்திவிடுவோர் பலர். கறுப்பது இயல்பே. புரட்டினால் மருத்துவரிடம் கூறினால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பதும் சிலருக்கு நல்ல பலன் தருகிறது. மாத்திரை உண்டதும் ஹெப்சிடின் ஒரு நாள் அளவுக்கு உயர்ந்து நிற்பதே காரணம். சோகை மாறிய பின்னும் சில மாதங்கள் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். நோன்பு மாதத்தில் இரவு வேளையில் உண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, எடை. எடை இறங்க இறங்க அழற்சி தணிகிறது; ஹெப்சிடின் இறங்குகிறது; சாத்திய வாசல் திறக்கத் தொடங்குகிறது. ஆனால் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவள் இருக்கும் இரும்பையும் இழப்பாள். குறைக்க வேண்டியது சோற்றின் அளவையும், எண்ணெயையும், தேநீரில் கரையும் சர்க்கரையையும். குறைக்கக் கூடாதது இறைச்சியையும் முட்டையையும் பருப்பையும் முருங்கைக் கீரையையும் கேழ்வரகையும். கொழுப்பு நீக்கிய இறைச்சி போதும். நம் நாட்டுப் பெண்ணுக்கு இடைச் சுற்றளவு 80 செண்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். தையற்காரியின் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். பீடி சுற்றுபவர்கள் ஒவ்வொரு நூறு முடிந்ததும் எழுந்து முற்றத்தில் நாலு சுற்று நடக்கலாம். பெண்கள் மாலையில் இருவர் மூவராகச் சேர்ந்து நடப்பதை வேடிக்கை பார்க்காமலும் விமரிசிக்காமலும் இருப்பது ஆண்கள் செய்யக் கூடிய பேருதவி.

நாம் கூறிய அக்காவுக்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே அரிசி மெல்லும் ஆசை அகன்றது. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6 ஆயிற்று. நடக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. தாமாகவே நடக்கத் தொடங்கினார். எடையில் நான்கு கிலோ குறைந்தது. மாமியார் இப்போது வேறொன்று சொல்கிறார்: "முன்பெல்லாம் இவளுக்கு என்னவோ உடம்பு சரியில்லாமல் இருந்தது."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவே நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். சோம்பேறி என்பது ஏச்சு. உடம்பு சரியில்லை என்பது நோயின் அறிவிப்பு. ஏச்சுக்கு மருந்தில்லை, நோய்க்கு உண்டு. நம் வீட்டில் பருத்த உடலோடு படியில் பாதி ஏறி மூச்சு வாங்க நிற்கும் தாயோ, மனைவியோ, தமக்கையோ இருந்தால், அவரது உடலின் அளவைப் பார்ப்பதற்கு முன் அவரது கண்ணிமையின் உட்புறத்தைச் சற்று இழுத்துப் பார்ப்போம். அது சிவந்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒரு சொட்டு இரத்தம் சோதனைக்குச் செல்லட்டும். இன்றிரவு உணவில் இறைச்சியின் முதல் துண்டு அவர் தட்டில் விழட்டும்.